பிளாட்டினம்: மஞ்சள் உப்பின் கணக்கு

பிளாட்டினம் என்றதும் நம்மில் பலருக்கு நகைக்கடை விளம்பரம்தான் கண்ணில் வரும். அதற்கு வெளியே அந்த உலோகம் பார்க்கும் வேலையைப் பற்றி நகைக்கடைக்காரர் சொல்லமாட்டார், அது அவர் வியாபாரமும் இல்லை. கார் புகைக்குழாயில், பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையில், சிலிக்கோன் ரப்பரில் என்று அது ஓசையில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலைகளுக்கெல்லாம் போகும் வழியில் உலோகம் முதலில் கரைந்தாக வேண்டும். கரைந்தால் கிடைப்பது குளோரோபிளாட்டினிக் அமிலம். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த படிகம், காற்றில் வைத்தால் ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். இந்தப் பதிவு அதைப் பற்றியும், அதைத் தொட்டு வேலை செய்தவர்களின் மூச்சைப் பற்றியும்.

பி.காம். படித்தவனுக்கு அமிலம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். வங்கி வேலையில் எனக்கு இதை அறிமுகப்படுத்தியது ஒரு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட். 2008இல் வடோதராவில் ஒரு கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். ஊர் எல்லையில் உள்ள தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனம் நம்மிடம் கேஷ் கிரெடிட் வைத்திருந்தது. ஆலைகளில் உபயோகித்துச் சலித்துப்போன வினையூக்கியை வாங்கி, அதிலிருந்து பிளாட்டினத்தைப் பிரித்து, அமிலமாகவும் உப்பாகவும் விற்பார்கள். அவர்கள் கொடுத்த பட்டியலில் "அரைக் கிலோ பாட்டில் ஒன்று" என்று ஒரு வரி. பக்கத்தில் ஐந்து லட்சத்துச் சொச்சம். பூஜ்யம் ஒன்று கூடிவிட்டதோ என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் படிகத்தின் எடையில் ஏறத்தாழ 38 சதவீதம் பிளாட்டினம். அரைக் கிலோவில் ஆறு அவுன்ஸ். தென்னாப்பிரிக்காவில் அந்த வருடம் ஜனவரியில் மின்தட்டுப்பாட்டால் சுரங்கங்கள் நின்றதில் விலை ஏறு ஏறு என்று ஏறி, மார்ச்சில் அவுன்ஸ் 2,200 டாலரைத் தாண்டியிருந்தது. டாலர் நாற்பது ரூபாய். கணக்கு சரிதான்! அக்டோபர் கடைசியில் அதே அவுன்ஸ் 800 டாலர் பக்கம் வந்து நின்றபோது எங்கள் டிராயிங் பவர் என்ன ஆனது என்பது தனிக்கதை, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஸ்டாக் பார்க்கப் போன அன்று ஷெட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒரு ஆபரேட்டர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், எல்லாரும் அவரைக் காக்கா என்றார்கள் (குஜராத்தியில் சித்தப்பா, பறவை இல்லை :-)). மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது, பேசும்போது நெஞ்சில் விசில் சத்தம். ஜலதோஷமா என்றேன். "இல்லை சாஹேப், இது இந்த மஞ்சள் பொடியின் வேலை. ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும். திங்கட்கிழமை உள்ளே போனால் மறுபடியும்," என்றார். எங்கள் இன்ஸ்பெக்ஷன் படிவத்தில் தீ விபத்துக் காப்பீட்டுக்கு ஒரு கட்டம் உண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிக்கு ஒரு கட்டம் உண்டு. காக்காவின் திங்கட்கிழமைக்குக் கட்டம் கிடையாது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

இன்றைய கொலம்பியாவில், சோகோ பகுதி ஆறுகளில் தங்கம் அரித்தவர்களுக்குத் தங்கத்தோடு கூடவே ஒரு வெண்மணலும் வந்தது. உருகாது, அடிக்கப் பணியாது. ஸ்பானியர்கள் ஏளனமாக "பிளாட்டினா", அதாவது குட்டி வெள்ளி என்று பெயர் வைத்தார்கள். எடை மட்டும் தங்கத்துக்கு ஈடாக இருந்ததால் தங்கத்தில் கலப்படம் செய்ய வசதி, அந்தப் பயத்தில் அரசு அதை ஆற்றிலேயே கொட்டச் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தோனியோ தெ உயோவா 1748இல் எழுதிய பயண நூல்தான் ஐரோப்பியப் படிப்பாளிகளுக்கு அதை ஒழுங்காக அறிமுகப்படுத்தியது.

அதை வசப்படுத்தியவர் லண்டனின் வில்லியம் ஹைட் வோலஸ்டன். 1800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவரும் அவர் கூட்டாளி ஸ்மித்சன் டென்னன்டும் 6,000 அவுன்சுக்குக் கொஞ்சம் குறைவான தாதுவை 795 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அவுன்ஸ் மூன்று ஷில்லிங் கூட ஆகவில்லை. நான் பார்த்த முதலீடுகளில் இதைவிட லாபகரமானது அதிகமில்லை! முறை இதுதான்: தாதுவை ராஜதிராவகத்தில் கரைக்க வேண்டும். கரைசலில் நவச்சாரத்தைப் போட வேண்டும். (நம்மூரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர் பொடி தூவித் தேய்ப்பாரே, புகை குப்பென்று கிளம்புமே, அதே நவச்சாரம்.) உடனே மஞ்சள் நிறத்தில் ஒரு உப்பு அடியில் படியும். அதைச் சுட்டால் சாம்பல் நிறப் பஞ்சு போல பிளாட்டினம். அந்தப் பஞ்சை அழுத்தி, காய்ச்சி, அடித்து, தகடாக்கும் நுட்பத்தைத்தான் வோலஸ்டன் ரகசியமாக வைத்துக் காசு பார்த்தார். 1828இல், சாவதற்குச் சற்று முன்புதான் வெளியிட்டார். கந்தக அமிலம் காய்ச்சுபவர்களுக்குப் பிளாட்டினப் பாத்திரம் தேவைப்பட்டது, நல்ல விலை கொடுத்தார்கள்.

இந்தப் பஞ்சின் மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சினால் தானாகவே தீப்பற்றும் என்று 1823இல் டோபரைனர் ஜெர்மனியின் யேனா நகரில் கண்டுபிடித்தார். தீக்குச்சி பரவாத காலத்தில் அதையே ஒரு மேஜை லைட்டராக ஆக்கி விற்றார்கள். தான் கரையாமல், தேயாமல், பக்கத்தில் நின்றே வேலையை நடத்திக்கொடுக்கும் இந்தக் குணம்தான் பிற்பாடு பிளாட்டினத்தின் பிழைப்பாக ஆயிற்று.

ஆனால் மஞ்சள் உப்பு யாரையாவது தும்ம வைத்ததா என்று அந்தக் காலத்தில் யாரும் குறித்து வைக்கவில்லை. விஷயம் வெளியே வந்தது ஒரு விநோதமான இடத்திலிருந்து. போட்டோ ஸ்டூடியோ.

1873இல் வில்லியம் வில்லிஸ் என்பவர் வெள்ளிக்குப் பதிலாகப் பிளாட்டினத்தால் படம் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பொட்டாசியம் குளோரோபிளாட்டினைட்டும் ஓர் இரும்பு உப்பும் பூசிய காகிதம். வெள்ளிப் படங்கள் வருடம் போகப் போக மஞ்சளடிக்கும், இது மங்காது, கறுப்பில் ஒரு வெல்வெட் ஆழம் இருக்கும். பெரிய கலைஞர்கள் கொண்டாடினார்கள். காசுள்ளவர்கள் தங்கள் முகத்தை இதில்தான் பதித்துக்கொண்டார்கள். படம் மங்கவில்லை, சரி. காகிதத்தை நாள் முழுக்கக் கையாண்ட பணியாளர்களுக்குத் தும்மல், மூக்கிலும் தொண்டையிலும் எரிச்சல், மூச்சுத் திணறல், கையில் தோல் வெடிப்பு. 1911இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தொழில்நோய் ஆணையத்தின் அறிக்கையில் சிகாகோ ஸ்டூடியோக்களைப் பற்றி காரசெக் என்ற குடும்பப்பெயர் கொண்ட இருவர் இதை எழுதிவைத்தார்கள். எனக்குத் தெரிந்து இந்த நோயின் முதல் பதிவு அதுதான்.

அறிக்கையைப் படித்துவிட்டு யாராவது அந்தக் காகிதத்தை நிறுத்தினார்களா? இல்லை. அதை ஒழித்தது விலை. முதல் உலகப்போரில் வெடிமருந்துக்கு நைட்ரிக் அமிலம் வேண்டும், அதற்குப் பிளாட்டினம் வேண்டும், ரஷ்யாவின் யூரல் பகுதியிலிருந்து வந்த சரக்கும் தடைப்பட்டது. போட்டோக்காரர்களால் அந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. மூச்சுத் திணறலால் முடியாததைச் சந்தை முடித்துவைத்தது. என் பார்வையில் இந்தச் சரித்திரம் முழுக்கவே இப்படித்தான் நடக்கிறது.

அடுத்த முக்கியமான வருடம் 1945. லண்டனில் டொனால்ட் ஹன்டர் என்ற மருத்துவரும் அவருடைய இரண்டு சகாக்களும் நான்கு பிளாட்டின சுத்திகரிப்பு ஆலைகளில் 91 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 52 பேருக்கு மூக்கொழுகல், தொடர்தும்மல், நெஞ்சு இறுக்கம், இழுப்பு. பாதிக்கு மேல்! அவர்கள் கவனித்த இன்னொன்றுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. வெறும் உலோகப் பிளாட்டினத்தைக் கையாண்டவர்களுக்கு ஒன்றும் இல்லை. காய்ந்த மஞ்சள் உப்பை உடைத்துச் சலித்தவர்கள், அந்தக் கரைசலின் ஆவித்துளி பறக்கும் இடத்தில் நின்றவர்கள், இவர்களுக்குத்தான். ஆக, மோதிரம் போட்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். 1951இல் இதற்கு "பிளாட்டினோசிஸ்" என்று பெயரும் வைத்தார்கள்.

ஏன் உப்பு மட்டும்? பிளாட்டினத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் குளோரின்தான் விவகாரம். அந்தக் குளோரின் நகர்ந்து இடம் கொடுக்க, பிளாட்டினம் நம் உடம்பின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. புரதம் முகம் மாறிவிடுவதால் உடம்பு அதை அந்நியன் என்று எழுதிவைத்துக்கொள்கிறது. இப்படி எழுதிவைக்கச் சில மாதங்களோ வருடங்களோ ஆகலாம், அதுவரை ஆளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. எழுதிய பிறகு துளியூண்டு போதும். தோலில் ஊசியால் கீறிச் செய்யும் பரிசோதனையில், ஒரு மில்லி லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தால்கூடச் சிலருக்குத் தடித்துவிடுகிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த ஒவ்வாமை வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காக்காவின் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியும் மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒரு அடையாளம்தான். வேலையை விட்டு விலகினால் பலருக்குக் குணமாகிறது, சிலருக்கு ஆஸ்துமா அப்படியே தங்கிவிடுகிறது.

வேலையிடக் காற்றில் கரையும் பிளாட்டின உப்புகள் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் வைத்த வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராம் (எட்டு மணி நேரச் சராசரி, பிளாட்டினமாகக் கணக்கிட்டு). பல நாடுகளும் அதே எண்ணை எடுத்துக்கொண்டன. கேட்பதற்கு ஏதோ எண் மாதிரி இருக்கிறது, இல்லையா? பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஷெட், மூன்று மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 கன மீட்டர். மொத்த ஷெட்டின் காற்றுக்கும் அனுமதி 600 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராம்கூட இல்லை. சாப்பாட்டு இலையில் விரல் நுனியில் ஒட்டும் நாலைந்து உப்புக்கல் அளவு. பாட்டில் மூடியைத் திறந்து அஜாக்கிரதையாகத் தட்டினால் ஒருநாள் கோட்டா தீர்ந்தது.

அப்படியானால் இதை எப்படித்தான் கையாள்வது? முதல் விதி, காயவிடாதே. முடிந்தவரை கரைசலாகவே வைத்துக்கொள்வது, படிகத்தைத் திறந்த இடத்தில் அரைக்காமல் சலிக்காமல் இருப்பது. நிறுப்பதும் கரைப்பதும் கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள், அல்லது காற்றை உறிஞ்சும் அடைப்புக்குள். சிந்தினால் துடைப்பம் எடுத்துப் பெருக்கவே கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வேலை உடுப்பு வீட்டுக்குப் போகக்கூடாது. இது அமிலம் என்பதும் மறக்கக்கூடாது, தோலையும் கண்ணையும் அரிக்கும். இரும்பு, அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரத்தை அரித்து, பிளாட்டினம் கறுப்புப் பொடியாக அதன் மேல் படிந்துவிடும், கண்ணாடிதான் சரி. அந்தக் கறுப்புப் பொடியிலும் ஆபத்து உண்டு, டோபரைனர் லைட்டரின் சொந்தக்காரன் அது, எரியும் ஆவி பக்கத்தில் இருந்தால் தானே பற்றவைக்கும். இத்தனைக்கும் மேலே, ஆட்களை வேலைக்கு எடுக்கும்போதும் பிறகு தவறாமல் இடைவெளி விட்டும் தோல் பரிசோதனை. பாசிட்டிவ் என்றால் அன்றோடு அந்த அறைக்குள் போகக்கூடாது.

முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது இதில் எதிலுமே சேர்த்தியில்லை. நம் தொழிற்பேட்டைகளில் அதைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், மற்ற ரசாயனத் தொழிலில் தூசியைப் பிடிப்பது செலவு, இதில் அது வரவு. பொற்கொல்லர் பட்டறையின் புழுதியை வாங்கிக் கழுவித் தங்கம் எடுப்பவர்களைக் குஜராத்தில் தூள்தோயா என்பார்கள், புழுதி கழுவுபவர் என்று அர்த்தம். பிளாட்டின ஆலையும் அதே கணக்குத்தான். காற்று வடிகட்டியை எரித்துச் சாம்பலிலிருந்து எடுக்கலாம், துடைத்த துணியிலிருந்து எடுக்கலாம், கழுவிய தண்ணீரிலிருந்து எடுக்கலாம். இவ்வளவு லாபக் கணக்கு பக்கத்தில் இருந்தும் காற்றில் பறந்ததை மட்டும் மனிதனின் நெஞ்சு பிடித்துக்கொண்டிருந்தது என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இவ்வளவு பிரச்சினை என்றால் விட்டுவிடலாமே என்று தோன்றும். முடியாது. 1949இல் விளாடிமிர் ஹேன்செல் உருவாக்கிய முறையில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கிகன் ஊரில் ஒரு ஆலை ஓடத் தொடங்கியது. அலுமினா உருண்டைகளில் மிகச் சிறிய அளவு பிளாட்டினத்தை ஊறவைத்து, அதன்மேல் நாஃப்தாவைச் செலுத்தி உயர்தரப் பெட்ரோல் எடுப்பது. இவ்வகை வினையூக்கிகளை ஊறவைக்கும் தண்ணீரில் வழக்கமாக இருப்பது நம் அமிலம்தான். 1950களில் ஜான் ஸ்பியர் என்ற வேதியியலாளர் இதே அமிலத்தை ஆல்கஹாலில் கரைத்துச் சிலிக்கோனை இணைக்கலாம் என்று காட்டினார். குழந்தைப் பால்புட்டியின் சிலிக்கோன் காம்பு, ஆஸ்பத்திரிக் குழாய், ஒட்டு லேபிளின் பின்னால் உரித்துப் போடுகிறோமே வழவழப்புத் தாள், இவற்றில் பெரும்பகுதி பிளாட்டினம் பக்கத்தில் நின்று நடத்திக்கொடுத்த காரியம். அமெரிக்காவில் 1975 மாடல் கார்கள் முதலும், நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நான்கு நகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் மாற்றி கட்டாயமாயிற்று. நகரத்தின் மூச்சைக் காப்பாற்ற ஒரு பொருள், அதைச் செய்பவரின் மூச்சு வேறெங்கோ.

புற்றுநோய் மருந்து சிஸ்பிளாட்டினும் இதே குடும்பம். 1965இல் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாமேல் மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது அவை பிரியாமல் நூல் நூலாக நீண்டன. காரணம் மின்சாரம் அல்ல, மின்முனையின் பிளாட்டினம் கரைசலில் இருந்த நவச்சாரத்தோடு சேர்ந்து உண்டாக்கிய சேர்மம். மறுபடியும் நவச்சாரம்! 1978இல் அமெரிக்கா அதை மருந்தாக அனுமதித்தது. என் பெரியம்மாவுக்கு அது ஏறியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதனால் இந்த உலோகத்தை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனம் வராது.

குளோரின்தான் விவகாரம் என்றால் குளோரினுக்குப் பதில் வேறு எதையாவது ஒட்டினால்? அதையும் செய்து பார்த்தார்கள். நான்கு அம்மோனியாவைப் பிளாட்டினத்தோடு நேரடியாகப் பிணைத்த டெட்ராஅம்மைன் உப்பு ஒவ்வாமையைக் கிளப்புவதில்லை என்று, நீண்டகாலம் தொழிலாளர்களைக் கண்காணித்த ஓர் ஆய்வு 1999இல் காட்டியது. சில இடங்களில் அமிலத்துக்குப் பதில் அதைப் பயன்படுத்த முடிகிறது, எல்லா இடத்திலும் இல்லை. சுத்திகரிப்பில் அந்த மஞ்சள் உப்பு இன்றும் வழியில் வந்து நிற்கிறது.

கடைசியாக ஒரு வழக்கு. காமர்ஸ் படித்தவர்கள் ரசிப்பீர்கள். 1817இல் தொடங்கிய ஜான்சன் மாத்தே என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கார் மாற்றித் தொழிற்சாலைகளில், சரியாகச் சுத்தம் செய்யாததால் சில தொழிலாளர்களுக்குப் பிளாட்டின உப்பு ஒவ்வாமை வந்தது. தோல் பரிசோதனையில் பாசிட்டிவ், ஆனால் இருமல் இல்லை, இழுப்பு இல்லை. விதிப்படி அவர்களை அந்த வேலையிலிருந்து விலக்கினார்கள். சம்பளம் குறைந்தது, வேலையும் போனது. நஷ்டஈடு கேட்டார்கள். நிறுவனத்தின் வாதம்: இவர்களுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, போனது பணம் மட்டும்தான், வெறும் பொருளாதார இழப்புக்கு அலட்சிய வழக்கில் ஈடு கிடையாது. 2014இல் கீழ்க்கோர்ட் ஒப்புக்கொண்டது. 2016இல் அப்பீல் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னால், 2007இல், ஆஸ்பெஸ்டாசால் நுரையீரல் உறையில் தழும்பு வந்தும் தொந்தரவு இல்லாதவர்களுக்கு ஈடு இல்லை என்று ஒரு தீர்ப்பும் இருந்தது.

2018 மார்ச் 21 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தழும்பு ஒருவரை எந்த வேலையிலிருந்தும் தடுப்பதில்லை. இங்கே உடம்பே மாறிவிட்டது, முன்பு போக முடிந்த இடத்துக்கு இப்போது போக முடியாது, பிழைப்புக்குத் தேவையான ஒரு திறன் கழிந்துவிட்டது, வலி இல்லாவிட்டாலும் இது உடல் காயம்தான் என்றார்கள். சிகாகோ அறிக்கையிலிருந்து எண்ணினால் நூற்றேழு வருடம். தொழிலாளிகளின் வழக்கு, எவ்வளவு ஈடு என்று நிர்ணயிக்க, மறுபடி கீழ்க்கோர்ட்டுக்குப் போயிற்று.